பனியன் ஊரைச் சுற்றிலும் சேலை!

எங்கள் திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். ஆனால் சகோதரிகளே, சுற்றுவட்டாரத்துத் தறிகளில் சேலைக்குத்தான் மவுசு!

பொள்ளாச்சி பக்கத்து நெகமம் பருத்திச் சேலை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா காட்டனுக்கும் அந்தப் பெருமை உண்டு. முகூர்த்தத்துக்குக் காஞ்சிப் பட்டு என்றால், விருந்துக்குக் கோரா. அடுப்படி வெக்கைக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் நெகமம்தான் சுகம். வியர்வையை உறிஞ்சும், உடம்பை உறுத்தாது.

விலை கூடுதலாச்சே என்கிறீர்களா? தறியில் கணவர் உட்கார்ந்தால், மனைவி தார் சுற்றித் தர வேண்டும். ஒரு சேலையில் குடும்பமே உழைக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் அந்த வீட்டு அடுப்புத்தான் அணையும். சில சேலை ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்திருக்கிறது. நாமும் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவோமே!

முதல் சலவையைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் செய்யுங்கள். லேசாகக் கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்துங்கள். வருஷக்கணக்கில் உழைக்கும். பழசானாலும் வீண் இல்லை. பாப்பாவுக்குத் தூளி கட்ட அதைவிட மெத்தென்ற துணி ஏது?