சொல்லிற் பிறக்கும் காணொளி

எழுத்தாற் கூறியதைச் செயற்கை நுண்ணறிவு இயங்கும் படமாக்கித் தருங் காலம் வந்துவிட்டது. ஓப்பின் ஏஐ நிறுவனம் 2024 பெப்ரவரியிற் 'சோரா'வை அறிமுகஞ் செய்தது. 2025 மே மாதத்திற் கூகிள் வெளியிட்ட 'வியோ 3' ஒலியோடு கூடிய எட்டு விநாடிக் காணொளியை ஆக்கிற்று. இவற்றுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் ஏவலுரையைப் 'புறொம்ற்' என்பர். அதனைச் செவ்வனே எழுதும் முறையை மாணவர் பொருட்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பொறி, விளக்கவுரையோடு கூடிய எண்ணற்ற படங்களிற் பயின்றது. சிதறிய புள்ளிகளின் குழப்பத்திலிருந்து தொடங்கி, நம் சொற்களுக்கு இயையப் படிப்படியாகத் தெளிவித்துக் காட்சியாக்குகின்றது. நாம் சொல்லாது விட்டவற்றைத் தான் மிகுதியாகக் கண்டவற்றால் நிரப்பிக்கொள்ளும். இதுவே மனத்திற் கொள்ளத்தக்க முதலுண்மை.

"முதியவர் ஒருவர் கிணற்றில் நீர் இறைக்கிறார்" என்று மட்டும் எழுதின், எந்நாட்டுக் கிணறுந் தோன்றலாம். 'துலா' என்று பெயர் சொல்லினும் பொறி அதனை அறியுமென்பது உறுதியன்று. ஆகலின் பெயரோடு வடிவையும் உரைத்தல் வேண்டும்.

தமிழ் கற்றார்க்கு இதற்குரிய ஒழுங்கு புதிதன்று. தொல்காப்பியங் கூறும் முதல், கரு, உரி என்னும் முறையைச் சிறிது மாற்றிக் கைக்கொள்ளலாம். நிலமும் பொழுதும் முதலிலும், அங்குள்ள பொருள்கள் அடுத்தும், நிகழுஞ் செயல் அதன் பின்னும் வருக. கமராவின் நிலையும் ஒலியும் இறுதியில் நிற்க. ஓர் எடுத்துக்காட்டு:

"யாழ்ப்பாணத்துத் தோட்டம், விடியற்காலை, பின்னே பனைமரங்கள். கிணற்றருகே நாட்டிய கவர்மரத்தின்மேற் குறுக்கே நீண்ட மரமொன்று ஏறியிறங்குகின்றது. அதன் நுனியிற் கட்டிய கயிற்றிற் பனையோலைப் பட்டை தொங்குகின்றது. வேட்டியுடுத்த முதியவர் கயிற்றை இழுத்துப் பட்டையைக் கிணற்றுள் இறக்குகின்றார். கமரா சற்றுத் தொலைவில் அசையாது நிற்கின்றது. மரம் முனகும் ஓசை. காகங் கரையும் ஒலி."

இங்கே செயல் ஒன்றே. நீரை வாய்க்காலில் ஊற்றுதலை வேறொரு துண்டாக்குக. எட்டு விநாடியுட் பலவற்றைத் திணித்தால் யாவும் சிதையும். 'அழகான', 'அற்புதமான' என்பன கண்ணுக்குப் புலனாகா. ஒளியையும் நிறத்தையுங் கூறுக. 'கூட்டம் வேண்டாம்' என்னாது 'ஆளற்ற தோட்டம்' என்க. படம் பிழைத்தால் ஒருமுறைக்கு ஒன்றையே திருத்துக. எச்சொல்லால் எது மாறிற்றென்பது அப்பொழுதே விளங்கும். உயிரோடிருப்பார் முகத்தை அவரிசைவின்றி ஆளற்க. பொறி ஆக்கிய படமென்று குறிப்பிட மறவற்க.

நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா அருகிவிட்டது. துலா மிதித்த முதியோர் நம் பழைய மாணவரிடையே இன்றும் இருத்தல் கூடும். மாணவர் அவர்பாற் சென்று கேட்டு எழுதுவாராக. அவர் கண்டது சொல்லாக நிலைபெறாவிடின், பொறி புனைந்த பிழையான காட்சியே நாளை உண்மையென வழங்கும். நன்றாகக் கண்டவனே நன்றாக ஏவவல்லன்.