நெல் எடையைக் கணிப்பொறியில் பதிவு செய்யும் முறை

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் சம்பா அறுவடை முடிந்தால் உழவர்களின் பேச்சு முழுவதும் எடையைப் பற்றித்தான். 2025-26 பருவத்துக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரகத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை குவிண்டாலுக்கு ரூ.2,500. நாற்பது கிலோ மூட்டையில் ஒரு கிலோ கூடுதலாகப் போனால் 25 ரூபாய் நட்டம். அறுபது மூட்டைக்கு 1,500 ரூபாய். ஆகவே களத்திலேயே எடை போட்டு, மூட்டைவாரியாகக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. நோட்டில் எழுதினால் போதாதா எனலாம். போதும், ஆனால் இருட்டும் வேளையில், தூசிக்கு நடுவே எழுதும் கணக்கில் பிழை நேர்வதை உழவர்கள் அறிவார்கள்.

பல மின்னணுத் தராசுகளின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட இணைப்பு ஒன்று உண்டு. இதுவே சீரியல் போர்ட். எடையின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதன் வழியே வெளியேறுகின்றன. 1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.232 என்ற முறை இது. பழையதுதான், எனினும் தராசுகளில் இன்னும் நிலைத்திருக்கிறது. புதிய மடிக்கணினிகளில் இந்தத் துளை இல்லாததால், யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி ஒன்று தேவைப்படும்.

எண்களைப் படிக்கப் பைத்தான் என்ற கணினி மொழியும், அதற்கான பைசீரியல் என்ற இலவசத் தொகுப்பும் போதும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருபது வரிகளுக்குள் எழுதிவிடலாம். முதலில் தராசும் கணிப்பொறியும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். சில தராசுகள் 9600 வேகத்தில் எட்டு பிட்டுகளாகவும், சில 2400 வேகத்தில் ஏழு பிட்டுகளாகவும் அனுப்பும். தராசின் கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். வேகம் பொருந்தாவிட்டால் திரையில் எண்களுக்குப் பதில் புரியாத குறிகள் வரும். கம்பி கெட்டுவிட்டதென்று பலர் தவறாக நினைப்பது இங்கேதான்.

அடுத்தது முக்கியமானது. மூட்டையை வைத்ததும் முள் ஆடுவதுபோல எண்ணும் ஆடும். பல தராசுகள், எடை நிலைத்துவிட்டதா இல்லையா என்பதற்கும் ஒரு குறியைச் சேர்த்தே அனுப்புகின்றன. நிலைத்த எடையை மட்டும் பதிய வேண்டும். மேலும், தராசு ஒரு நொடியில் பல முறை அதே எடையை அனுப்பக்கூடும். மூட்டையை இறக்கி, எண் பூச்சியத்துக்குத் திரும்பிய பிறகே அடுத்த மூட்டையாக எண்ணும்படி எழுதாவிட்டால், அறுபது மூட்டை அறுநூறாகிவிடும்! சாக்கின் எடையைக் கழிக்கவும் மறக்கக்கூடாது.

கணிப்பொறி, தராசு சொல்வதைத்தான் எழுதும். தராசு சமதளத்தில் இல்லாவிட்டால் பதிவும் தவறாகும். எடையளவுச் சட்ட விதிப்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை பெற வேண்டும். கம்பி இணைப்பதற்காக முத்திரையை உடைக்கக்கூடாது.

களத்து எடையும் நிலையத்து எடையும் வேறுபட்டால் உடனே தராசைக் குறை கூறுவதற்கில்லை. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 சதம். 22 சத ஈரத்தில் 40 கிலோ இருந்த நெல், 17 சதத்துக்குக் காய்ந்தால் சுமார் 37.6 கிலோதான் இருக்கும். எனவே எடையுடன் அன்றைய ஈரப்பதத்தையும் தேதியையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.