ஒரே சொல், எத்தனையோ பொருள்!

நாமக்கல்லில் லாரி வாடகைக் கணக்கை முடித்தால் 'செட்டில்மெண்ட்'. பங்காளிச் சண்டை சமரசமானாலும் செட்டில்மெண்ட். மகனுக்கு நிலத்தை எழுதி வைத்தாலும் அதே சொல்தான்!

இதன் வேர் பழைய ஆங்கிலத்தில் உள்ள 'செட்ல்'. இருக்கை என்று பொருள். உட்கார வைப்பது, நிலைநிறுத்துவது, முடிவு செய்வது என்று பொருள் விரிந்துகொண்டே போயிற்று.

சேலம் சீமையில் இதற்கு வரி சம்பந்தமும் உண்டு. 1792-ம் ஆண்டு உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தானிடமிருந்து சேலம், பாரமகால் பகுதிகள் கம்பெனியார் வசமாயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கும் பெயர் செட்டில்மெண்ட்!

பத்திர விஷயத்தில்தான் உஷார் தேவை. உயில், எழுதியவர் காலத்துக்குப் பிறகே செல்லும்; அதுவரை மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் பத்திரம் அப்படியல்ல. உரிமை அப்போதே கைமாறிவிடும்; சாதாரணமாக ரத்து செய்ய இயலாது.

பெற்றோரைப் பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிய பத்திரமானால், பிள்ளை கைவிடும்போது, 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தை நாடலாம்.

ஆகவே, பெரியவர்களே! யாராவது "செட்டில்மெண்ட்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்றால், "எந்த செட்டில்மெண்ட்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்!