பாட்டிலில் இறங்கும் உப்பும் மூளையும்

ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் ஓசூர் அருகே சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் வந்து தங்கிவிட்டால், சுற்றுப்பட்டு விவசாயிகளுக்கு ராத்தூக்கம் கிடையாது. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் அதே நிலைதான். உடம்பு அசந்துபோனால் பலரும் கிளினிக்கில் கேட்பது: “ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சார், தெம்பா இருக்கும்.”

இந்தக் குளுக்கோஸ், அதாவது 5% டெக்ஸ்ட்ரோஸ், அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் தேறாது. ஒரு களி உருண்டையில் இதைவிட அதிகம் உண்டு.

எல்லாவற்றையும் ‘குளுக்கோஸ்’ என்றே சொன்னாலும் ஸ்டாண்டில் தொங்குவது எப்போதும் ஒன்றல்ல. நார்மல் சலைன் என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த நீர். நம் ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல்; சலைனிலோ 154. ஆர்எல் எனப்படும் ரிங்கர் லாக்டேட்டில் ஏறக்குறைய 109தான். தவளை இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்க வைக்க சிட்னி ரிங்கர் 1880களில் கண்டுபிடித்த கலவையில், அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் லாக்டேட் சேர்த்தார்.

1999இல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத 18 பேருக்குச் சலைன், ஆர்எல் இரண்டையும் வெவ்வேறு தடவையாக ஏற்றிப் பார்த்தார்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லி. 60 கிலோ ஆளென்றால் ஒரே மணி நேரத்தில் 3 லிட்டர். சலைன் ஏறியபோது மட்டும் மந்தமும், யோசிப்பதில் தடுமாற்றமும் தெரிந்தன. ரத்தத்தில் அமிலத்தன்மை சற்றுக் கூடியது, சிறுநீர் தாமதமானது. சின்ன ஆய்வு; தடுமாற்றமும் அவரவர் உணர்ந்து சொன்னதுதான். கிளினிக்கில் ஏறும் அரை லிட்டருக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் சலைனை வெறும் உப்புத்தண்ணீர் என்று அலட்சியமாக நினைப்பதை இது அசைக்கிறது.

எனக்குக் கவலை தருவது டெக்ஸ்ட்ரோஸ்தான். சர்க்கரையை உடல் எரித்துவிட, மிஞ்சுவது வெறும் தண்ணீர். வாந்தியும் வலியும் இருக்கும்போது சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பாட்டில் மேல் பாட்டில் ஏற்றினால் ரத்தச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கக்கூடும். வேகமாக இறங்கினால் மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீங்கும். முதலில் தலைவலி, குமட்டல். பிறகு குழப்பம், வலிப்பு.

டிரிப் ஏறும்போது நோயாளி சம்பந்தமில்லாமல் பேசினால், அசதி என்று விட்டுவிடாதீர்கள். நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.