பொதியும் மூலமும்: ஒரே கணினியில் இருவகை மென்பொருள்

சொல்லடைவு ஒன்றைக் கணினியில் வரிசைப்படுத்த முனைவோர் முதலில் காண்பது ஒரு முரண். ஒருங்குறியில் எழுத்துகள் பெற்ற எண்வரிசை, நமது நெடுங்கணக்கின் வரிசை அன்று. அங்கே னகரம் பகரத்திற்கு முன் நிற்கிறது. ழகரம் வகரத்தை முந்துகிறது. ‘க்’ என்னும் மெய், ‘கௌ’ என்பதற்கும் பின்னே தள்ளப்படுகிறது. இதனைச் சீர்செய்து அகராதி வரிசையைத் தருவது ‘ஐசியு’ எனப்படும் நிரல்தொகுதி. பல மென்பொருள்கள் இதனைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. இதன் பொருட்டு நாம் செய்த இரு பிழைகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாம் பயன்படுத்தியது, யுனிக்ஸ் மரபில் வந்து 1993-இல் முதற்பதிப்பு வெளியான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். அதில் மென்பொருளைப் பெற இரு வழிகள் உள்ளன. ஒன்று, பிறர் முன்னரே தொகுத்து வைத்த ‘பொதி’யை இறக்கி நிறுவுதல், இது சில நொடிகளில் முடியும். மற்றொன்று, ‘போர்ட்ஸ்’ என்னும் திரட்டின் வழியே மூலநிரலைப் பெற்று, வேண்டிய கூறுகளைத் தேர்ந்து, நம் கணினியிலேயே கட்டுதல். இதற்குச் சில மணிநேரமும் ஆகலாம். எவ்வழி வந்தாலும் மென்பொருள் ஒரே பதிவேட்டில்தான் பதியப்படுகிறது. ஆதலின் இரண்டையும் கலப்பது விலக்கப்பட்டதன்று, கவனம் தேவைப்படுவது.

ஏன் கவனம் தேவை? அச்சுநூலை எண்ணிப் பார்ப்போம். ஒரு பதிப்பின் பக்க எண்களைக் கொண்டு அமைத்த சொல்லடைவு, மறுபதிப்பில் பக்கங்கள் மாறியபின் பயன்படுவதில்லை. அடைவிலும் பிழையில்லை, நூலிலும் பிழையில்லை, இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவே. தொகுக்கப்பட்ட மென்பொருளும் அத்தகையதே. தான் சார்ந்த நிரல்தொகுதியின் குறிப்பிட்ட பதிப்பெண்ணைத் தன்னுள் பொறித்துக்கொண்டே அது பிறக்கிறது. ஐசியுவின் பதிப்பெண்ணோ ஆண்டுக்கு இருமுறை உயர்வது வழக்கம்.

நமது முதற்பிழை இது. ஆயத்தப் பொதியில் ஐசியு வசதி சேர்க்கப்படாதிருந்தமையால், தரவுத்தள மென்பொருளை மட்டும் மூலத்திலிருந்து கட்டினோம். சில மாதங்கள் கழித்து, எல்லாவற்றையும் புதுப்பிக்கும் கட்டளையை இட்டோம். பொதி மேலாளர், நிறுவப்பட்டிருந்ததன் தெரிவுகளும் களஞ்சியத்தில் இருந்ததன் தெரிவுகளும் வேறுபடுவதைக் கண்டு, களஞ்சியப் பொதியையே நிறுவிவிட்டது. அச்சுக்குச் செல்லவிருந்த சொல்லடைவை வரிசைப்படுத்த முயன்றபோது, தரவுத்தளம் அவ்வரிசையைத் தான் அறியாதெனக் கைவிரித்தது. திரையில் வந்த பட்டியலைப் படிக்காமலே ‘ஆம்’ என்று விடையிறுத்தவர் நாமே.

மீண்டும் கட்டினோம், இம்முறை பூட்டும் கட்டளையால் அதனைப் பூட்டினோம். அது இரண்டாம் பிழைக்கு வித்திட்டது. பூட்டு, பூட்டப்பட்ட பொதியைக் காக்குமேயன்றி அது சார்ந்திருப்பவற்றை எல்லாம் நிறுத்திவைக்காது. அடுத்த புதுப்பிப்பில் ஐசியுவின் எண் உயர்ந்தது. பிற மென்பொருள்கள் உடன் உயர்ந்தன. நமது தரவுத்தளமோ பழைய எண்ணுடைய கோப்பைத் தேடிக் காணாமல், தொடங்கவே மறுத்தது.

இவற்றிலிருந்து பெற்ற நெறிகள் மூன்று. முதலாவது, கிளை ஒன்றாதல். ஃப்ரீபிஎஸ்டியின் நிலைத்த வெளியீடுகளில், பொதிகள் இயல்பாகக் காலாண்டுக் கிளையிலிருந்து வருகின்றன. அது சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் மாதங்களில் பிரிகிறது. மூலத்திரட்டின் முதன்மைக் கிளையோ நாள்தோறும் மாறுவது. ஒன்றைக் காலாண்டிலிருந்தும் மற்றொன்றை முதன்மையிலிருந்தும் எடுத்தால், இரு பதிப்புகளைக் கலந்தவராவோம். இரண்டையும் காலாண்டில் வைக்கலாம். அன்றி இரண்டையும் அண்மைக் கிளைக்கு மாற்றலாம்.

இரண்டாவது, மூலத்திலிருந்து கட்டுவனவற்றைக் குறைத்து, அவற்றின் பெயரையும் தெரிவுகளையும் ஏட்டில் குறித்துவைத்தல். பூட்டியவற்றை ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் திறந்து, புதிய சார்புகளோடு மீண்டும் கட்டவேண்டும்.

மூன்றாவது, கலப்பையே தவிர்த்தல். ‘பூட்ரியேர்’ என்னும் கருவி, தனித்தடுத்த தூய சூழலில், நாம் விரும்பும் தெரிவுகளோடு, சார்புகள் அனைத்தையும் ஒரே திரட்டிலிருந்து கட்டி, நமக்கெனச் சொந்தக் களஞ்சியம் அமைத்துத் தருகிறது. அதன்பின் யாவும் பொதிகளே. கட்டிய கை மட்டும் நம்முடையது. ஓர் இரவு முழுதும் கணினி உழைத்தாலும், அவ்வுழைப்பு வீணாவதில்லை. நாம் இன்று பின்பற்றுவது இதனையே.

ஆயத்தப் பொதி போதுமாயின் அதுவே நன்று. மூலத்தை நாடவேண்டியது, நமக்கு இன்றியமையாத ஒரு கூறு பொதியில் இல்லாதபோதுதான். நமது பணியில் அக்கூறு வகரத்தின் பின் ழகரம் நிற்பது. அச்சிறு வரிசை பிறழ்ந்தால், அடைவைப் புரட்டுபவர் தாம் தேடும் சொல் அதில் இல்லையென்றே முடிவு செய்வார்.