சைபீரிய ஹஸ்கிக்கு ஏற்ற பரிசு

டொராண்டோவில் வசிக்கும் வாசகி ஒருவர், சைபீரிய ஹஸ்கி வளர்க்கும் தம் மகளின் பிறந்தநாளுக்கு, அந்த நாயின் படத்தையும் பெயரையும் அச்சிட்ட காப்பிக் கோப்பையை வாங்கலாமா, தலையணை உறையை வாங்கலாமா என்று யோசனை கேட்டு, கூடவே அந்த ஜாதியின் விசேஷங்களையும் எழுதும்படி பணித்திருக்கிறார். பனியில் வண்டியிழுக்கும் நாய்களைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவு முகாந்தரம் போதும்.

ஆசியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த இந்த நாய், 1908ஆம் ஆண்டு வாக்கில் கடல் தாண்டி அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு வந்தபோது, பருத்த நாய்களையே பார்த்துப் பழகிய அவ்வூரார் இதன் சிறிய சரீரத்தைக் கண்டு நகைத்தார்கள். 1910இல் அங்கே நடந்த, போக வர ஏறக்குறைய 650 கிலோமீட்டர் தூரமுள்ள பந்தயத்தில் இவை பூட்டிய வண்டியே முதலாவதாக வந்து சேர்ந்த பிறகு நகைப்பு அடங்கிற்று. நன்கு வளர்ந்த ஆண் நாயே 27 கிலோவுக்கு மேல் போவதில்லை. இலேசான பாரத்தை மிதமான வேகத்தில் நெடுந்தூரம் இழுப்பதே இதன் சுபாவம்.

இதனிடத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ரோமந்தான். மேலே நேராகப் படிந்து ஈரத்தை உள்ளே விடாத முரட்டு ரோமம் ஒன்றும், அதன் அடியில் தோலையொட்டி நெருக்கமாக வளர்ந்து, காற்றைச் சிறைப்படுத்தி, உடலின் உஷ்ணம் வெளியேறாமல் தடுக்கும் மெல்லிய உள்ரோமம் ஒன்றுமாக இரண்டு அடுக்குகள் அமைந்திருப்பதால், வாலைச் சுருட்டி மூக்கை மூடிக்கொண்டு வெட்டவெளியில் உறங்கும் நாயின் முதுகில் விழுந்த பனித்தூள் உருகாமல் அப்படியே கிடக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை இந்த உள்ரோமம் கொத்துக் கொத்தாகக் கழலுகிறது. சீப்பை இட்டால் கைநிறைய வருகிறது. வீட்டார் அலுத்துக்கொண்டு அதைக் குப்பையில் கொட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றிய நான், அதில் ஒரு பிடியை எடுத்து விரல்களுக்கிடையே முறுக்கிப் பார்த்தபோது, பஞ்சுப் பட்டையிலிருந்து இழை கிளம்புவதைப் போலவே அதிலிருந்தும் இழை கிளம்பியது கண்டு பரவசமடைந்தேன். முரட்டு ரோமத்தைப் பொறுக்கி நீக்கி, வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் அலசி உலர்த்தி, நாய் ரோமத்துக்குத் துள்ளல் குறைவாகையால் ஆட்டு ரோமத்தையும் சிறிது கலந்து நூற்பவர்கள் மேல்நாடுகளில் இருக்கிறார்கள். அந்த நூலில் குல்லாயும் கையுறையும் பின்னுகிறார்கள்.

இத்தனை நுட்பமான போர்வையைக் கோடை வந்ததும் இரக்கத்தின் பெயரால் மழித்துவிடுகிறவர்கள் உண்டு. நம் சென்னையிலும் உண்டு. நாய்க்கு மனிதனைப்போல் தோல் முழுவதும் வியர்த்துச் சூடு தணிவதில்லை. வாய் திறந்து இளைத்தே அது தணித்துக்கொள்கிறது. மழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும், ரோமமும் சில சமயம் திட்டுத்திட்டாகவே திரும்ப முளைக்கும். ஆனால், ஓடப் பிறந்த பிராணியை நீலக் கண்ணின் அழகுக்காகவே வாங்கி, நாலு சுவருக்குள் அடைத்து, பிறகு ஊளையிடுகிறதென்று அதன்மேலேயே குறைகூறுவது இதனினும் பெரிய அநீதி என்பது என் அபிப்பிராயம்.

பால்டோ என்ற ஹஸ்கி நாய்க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1925 ஜனவரியில் நோம் நகரத்துக் குழந்தைகளைத் தொண்டையடைப்பான் நோய் தாக்கியபோது, நெனானா ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரம், இருபது வண்டியோட்டிகளும் சுமார் நூற்றைம்பது நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். மிக நீண்ட, மிக அபாயமான பகுதியைக் கடந்தது, அந்த வண்டியோட்டிகளில் ஒருவரான லியோன்ஹார்ட் செப்பலாவின் முன்னணி நாய் டோகோ. கடைசிக் கட்டத்தில் முன்னின்று ஓடியது பால்டோ. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை அங்கே பளபளத்துக்கொண்டிருக்க, உயிருள்ள பால்டோவோ தன் கூட்டாளிகளுடன் லாஸ் ஏஞ்சல்ஸின் மலிவான காட்சிசாலை ஒன்றில், கவனிப்பாரின்றி நலிந்து கிடந்தது. கிளீவ்லாந்து நகரத்து மக்கள், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறைக் காசு உட்படப் பணம் திரட்டி, 1927இல் அவற்றை மீட்டுத் தங்கள் மிருகக்காட்சிசாலையில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஆகையால் அம்மையாருக்கு நான் சொல்லும் யோசனை இது: கோப்பையை விட்டுவிட்டு, அந்த நாய்க்கென்றே அளவெடுத்துத் தைத்த இழுவை ஹார்னஸ் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், வேண்டுமானால் அதில் பெயரைப் பின்னிக்கொள்ளலாம். கழுத்துப் பட்டையோடு இழுக்கிற நாய்க்கு மூச்சுக்குழல் நசுங்கும். நல்ல ஹார்னஸில் பாரம் மார்பெலும்பின்மேல் பரவித் தொண்டைக்கு இடைஞ்சல் இல்லாமற் போகும். கழுத்தின் அடி, மார்பின் சுற்று, கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகின் நீளம் என மூன்று அளவும், குளிர்கால ரோமம் அடர்ந்த பிறகு, நாய் நிற்கும்போது எடுக்க வேண்டும். இந்த வசந்தத்தில் கழலும் உள்ரோமத்தைத் துணிப்பையில் சேர்த்துவைக்கும்படியும் மகளிடம் சொல்லுங்கள்; அடுத்த பிறந்தநாளுக்குக் கையுறை பின்னிக் கொடுக்கலாம்.