சட்டைப்பைக் காலமானி

சட்டைப்பைக் காலமானி என்பது கடற்பயணக் காலமானியின் துல்லியமான இயங்குமுறையைச் சட்டைப்பையில் வைக்கத்தக்க அளவில் கொண்ட கடிகாரம் ஆகும். இது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவானது. லண்டனைச் சேர்ந்த ஜான் ஆர்னால்டு (1736–1799) இதனைச் செய்தோருள் முதன்மையானவர். பொன் அல்லது வெள்ளிக் கூட்டில் அமைந்த இக்கடிகாரங்கள் அணிகலன்களைப் போலத் தோன்றினாலும் உண்மையில் அறிவியல் கருவிகளாகும்.

தேவை

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகை நெட்டாங்கு 4 நிமிட நேர வேறுபாட்டிற்குச் சமம். எடுத்துக்காட்டாக, புதுச்சேரியின் கிழக்கு நெட்டாங்கு ஏறத்தாழ 79° 50′ ஆகும். கிரீன்விச்சில் நண்பகலாக இருக்கும்போது புதுச்சேரியின் உள்ளூர் நேரம் மாலை 5 மணி 19 நிமிடமாக இருக்கும். கடலில் உள்ள மாலுமி உள்ளூர் நேரத்தைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு அறியலாம். அவரிடம் கிரீன்விச் நேரம் காட்டும் கடிகாரமும் இருந்தால், இரண்டின் வேறுபாடே நெட்டாங்கைத் தரும்.

இம்முறையில் கடிகாரத்தின் பிழை அப்படியே இடத்தின் பிழையாக மாறுகிறது. கடிகாரம் 4 விநாடி தவறினால், தவளக்குப்பத்திற்குக் கிழக்கேயுள்ள கடலில் ஒரு கப்பலின் கணக்கிட்ட இடம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விலகும். ஒரு நிமிடம் தவறினால் 27 கிலோமீட்டர் விலகும். இரவில் கரையை நெருங்கும் கப்பலுக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும்.

இயங்குமுறை

சாதாரணக் கடிகாரத்தைப் போலவே இதிலும் ஒரு சமநிலைச் சக்கரம் முன்னும் பின்னும் அலைகிறது. கடிகாரம் பழுதுபார்ப்போர் இதனைப் 'பேலன்ஸ் வீல்' என்பர். காலமானியைச் சிறப்பிப்பவை பின்வரும் மூன்று அமைப்புகளாகும்.

தடுப்புக்கோல்: முக்கிய வில்லின் விசையைத் தாங்கும் பற்சக்கரத்தை ஒரு சிறு கோல் தடுத்து நிறுத்துகிறது. சமநிலைச் சக்கரம் ஒரு திசையில் அலையும்போது மட்டும் இக்கோலை விலக்கி, பற்சக்கரத்திலிருந்து ஓர் உந்துதலைப் பெறுகிறது. மற்ற நேரங்களில் ஏறக்குறையத் தடையின்றி அலைகிறது. உராய்வு மிகக் குறைவாதலால் உந்துதல் தரும் பற்களுக்கு எண்ணெய் தேவையில்லை. அக்கால எண்ணெய்கள் நாளடைவில் கெட்டியாகிக் கடிகாரத்தின் ஓட்டத்தை மாற்றின என்பதால் இது பெரிய நன்மையாகும்.

திருகுச் சுருள்வில்: வழக்கமான தட்டைச் சுருளுக்குப் பதிலாக, உருளை வடிவில் சுற்றப்பட்ட சுருள்வில்லை ஆர்னால்டு பயன்படுத்தினார். இதற்கு 1775ல் காப்புரிமை பெற்றார்.

வெப்ப ஈடு: வெப்பம் கூடினால் எஃகுச் சுருள்வில் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும். இதனை ஈடுசெய்ய, சமநிலைச் சக்கரத்தின் விளிம்பு இரு உலோகங்களால் ஆக்கப்பட்டது. உட்புறம் எஃகும் வெளிப்புறம் பித்தளையும் இருக்கும். பித்தளை அதிகம் விரிவதால், வெட்டுவிடப்பட்ட விளிம்பு உள்நோக்கி வளைகிறது. இதனால் சக்கரம் விரைந்து அலைந்து பிழையைச் சரிசெய்கிறது.

குறைபாடு

கடிகாரம் திடீரென்று திருப்பப்பட்டால் தடுப்புக்கோல் இருமுறை விலகி நேரம் முன்னேறிவிடலாம் அல்லது கடிகாரம் நின்றுவிடலாம். கப்பலில் காலமானிகளைப் பெட்டியில் வைத்துக் காத்தனர். சட்டைப்பையில் அது இயலாது. செய்வதற்கு மிகுந்த திறனும் செலவும் தேவைப்பட்டதால் இவ்வகைக் கடிகாரங்கள் அரிதாகவே உள்ளன.

ஆர்னால்டு எண் 36

பொன் கூடு கொண்ட இக்கடிகாரம் கிரீன்விச் வானாய்வகத்தில் 1779–1780ல் 13 மாதங்கள் சோதிக்கப்பட்டது. அக்காலம் முழுவதிலும் சேர்ந்த பிழை 2 நிமிடம் 33 விநாடி மட்டுமே. இச்சோதனையின் முடிவுகளை 1780ல் ஆர்னால்டு நூலாக வெளியிட்டார்.

ஆர்னால்டு எண் 485

இது 1794ல் சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்யப்பட்டது. பின்னர் கிரீன்விச் வானாய்வகப் பணியாளர் ஜான் ஹென்றி பெல்வில்லிடம் வந்தது. அவர் 1836 முதல் இதனைக் கிரீன்விச் நேரத்திற்குச் சரிசெய்து லண்டனுக்கு எடுத்துச் சென்று, கடிகாரக் கடைகள் முதலியவற்றுக்குக் கட்டணத்திற்கு நேரம் காட்டினார். திருடர்களுக்கு அஞ்சிப் பொன் கூட்டை நீக்கி வெள்ளிக் கூடு பொருத்தினார். 1856ல் அவர் இறந்த பின் மனைவி மரியாவும், 1892 முதல் மகள் ரூத்தும் இப்பணியைத் தொடர்ந்தனர். தந்தியும் வானொலியும் வந்த பின்னரும் ரூத் 1940 வரை இதனைச் செய்தார்.

தமிழ்நாட்டில்

எடுத்துச் செல்லும் கடிகாரத்தைச் சரிபார்க்க, நெட்டாங்கு அறியப்பட்ட நிலையான இடம் ஒன்று தேவை. சோழமண்டலக் கரையில் சென்னை வானாய்வகம் அத்தகைய இடமாக விளங்கியது. வில்லியம் பெட்ரி 1786ல் எழும்பூரில் தனிப்பட்ட முறையில் தொடங்கிய இது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் 1792ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. இங்கு பயன்பட்ட ஜான் ஷெல்டனின் ஊசல் கடிகாரம் பின்னர் கொடைக்கானல் வானாய்வகத்துக்குச் சென்றது. சென்னையின் நெட்டாங்கு இந்தியப் பெரும் முக்கோண அளவீட்டுக்கும் அடிப்படையாயிற்று.